மன்றோவின் கல்லறை

வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற குன்றின் சரிவில் தாமஸ் ஜெஃபர்சன் அடக்கமாகியிருக்கிறார். தன் கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்பதைச் சாவதற்கு முன்பே எழுதிவைத்துவிட்டுப் போனவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் தந்தை - இவை மூன்றும் போதும், மேற்கொண்டு ஒரு வார்த்தையும் வேண்டாம் என்பது அவர் கட்டளை. 1801 முதல் 1809 வரை எட்டு வருஷம் ஜனாதிபதியாக இருந்தது அதில் இல்லை. பதவி என்பது பிறர் தனக்குக் கொடுத்தது, இம்மூன்றும் தான் பிறருக்குக் கொடுத்தது என்ற கணக்கு.

ஒரு ராஜ்யவாதியின் வாழ்க்கையை மூன்று வரியில் அடக்கிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நமக்கு இது புதிதும் அல்ல. சேலம், தருமபுரி, செங்கம் வட்டாரம் நடுகல் பூமி. ஆநிரை மீட்டுப் பட்டவனின் பெயர், எந்தத் தொறுவில் பட்டான், யார் ஆட்சியில் பட்டான் - இவ்வளவுதான் அந்தக் கற்களில் இருக்கும். புகழ்ச்சி குறைவு, காரியம் அதிகம். ஆனால் பிற்காலத்தில் நம் ஞாபகச் சின்னங்களின் இயல்பு மாறிவிட்டது. சித்தர்களுக்குச் சமாதி, தலைவர்களுக்குக் கடற்கரையில் மண்டபம். நிலம் யார் பெயரில் நிற்கும், யார் பெயரில் நிற்காது என்று தீர்மானித்தவர்களை நாம் எங்கும் போய்ப் பார்ப்பதில்லை. அவர்கள் தாலுக்கா ஆபீஸ் அலமாரிகளில் இருக்கிறார்கள் என்பதால் இருக்கலாம்.

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் சர் தாமஸ் மன்றோ அடக்கமாகியிருக்கிறார். ஜெஃபர்சன் செத்தது 1826 ஜூலை 4. மன்றோ செத்தது 1827 ஜூலை 6. ஒரு வருஷமும் இரண்டு நாளும்தான் இடைவெளி. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் இருவருக்கும் இடையில் இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. அது தற்செயல் அல்ல. அது எங்கள் ஆத்தூர்வரை வந்து சேருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கிளாஸ்கோ நகரம் புகையிலையால் கொழுத்தது. வர்ஜீனியாவின் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த புகையிலை கிளைட் நதி வழியாக வந்து இறங்கி, ஐரோப்பா முழுவதும் விற்பனைக்குப் போனது. தோட்டக்காரர்களுக்கு வியாபாரிகள் முன்கடன் கொடுத்தார்கள். கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. தோட்டக்காரர்கள் லண்டன் வியாபாரக் கம்பெனிகளின் சொத்து மாதிரி ஆகிவிட்டார்கள் என்று ஜெஃபர்சன் கசப்போடு எழுதியிருக்கிறார். கிளாஸ்கோ கம்பெனிக்கும் அவர் கடன்பட்டிருந்தார். சுதந்திரப் போர் வந்ததும் இந்தப் பாக்கிகள் வசூலாகாமல் நின்றன. அதில் நொடித்துப்போன கிளாஸ்கோ வியாபாரிகளில் ஒருவர் அலெக்சாண்டர் மன்றோ. அவருடைய மகன்தான் தாமஸ், 1761-ல் பிறந்தவன். கணக்கப்பிள்ளையாக ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை பழகிக்கொண்டிருந்த பையனுக்கு வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் ஒரு கேடட் இடம் கிடைத்தது. கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. ‘வால்போல்’ என்ற கப்பலில் மாலுமியாக வேலை செய்துகொண்டே வந்து 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினான். பிறகு பல வருஷங்கள் தன் சம்பளத்திலிருந்து பெற்றோருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அமெரிக்கா சுதந்திரம் அடையாமல் இருந்திருந்தால் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் புகையிலை வியாபாரம் செய்துகொண்டிருந்திருப்பான். சரித்திரத்தில் ‘இருந்திருந்தால்’ என்பதற்கு மதிப்பில்லைதான். இருந்தாலும் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு மனிதனும் அந்த வழியாகவே வந்தான். 1781 அக்டோபர் 19-ம் தேதி யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே படை ஜெஃபர்சனின் பண்ணை ஒன்றைச் சூறையாடியிருந்தது. தோற்ற சேனாதிபதியை இங்கிலாந்து ஒதுக்கிவைக்கவில்லை. 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பியது. மைசூர் மீது படையெடுத்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுடன் செய்த உடன்படிக்கையில் அவனுடைய ராஜ்யத்தில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்ச ரூபாயையும், ஈடாக அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் கார்ன்வாலிஸ் வாங்கினார். அந்தப் பாதியில் பாராமகாலும் சேலமும் இருந்தன. வசிஷ்ட நதிக்கரையில் கெட்டி முதலி கட்டியதாகச் சொல்லப்படும் ஆத்தூர்க் கோட்டையும் அதோடு போயிற்று. 1768-ல் ஒரு முறை கம்பெனிப் படை அதைப் பிடித்து, ஹைதர் அதைத் திருப்பிப் பிடித்திருந்தான். 1792-க்குப் பிறகு திருப்பிப் பிடிக்க யாரும் வரவில்லை. அமெரிக்காவில் இழந்ததை ஆத்தூரில் ஈடு கட்டிக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் எங்கள் ஊர் கைமாறிய உடன்படிக்கையை நடத்தியவர் யார்க்டவுனில் சரணடைந்த சேனாதிபதியேதான்.

இனி நிலத்துக்கு வருவோம். புதிதாகக் கிடைத்த நாட்டைக் கணக்கெடுக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளர்களாக வந்த மூன்று ராணுவ அதிகாரிகளில் மன்றோ ஒருவர். மற்றவர்கள் கிரஹாமும் மக்லியாடும். 1792 முதல் 1799 வரை மன்றோ இங்கே இருந்தார், பெரும்பாலும் தருமபுரியில். அங்கே தோட்டம் போட்டார். பாராமகாலை விட்டுப் போக மனமில்லாமல்தான் போனார் என்பதை அவர் கடிதங்களில் காணலாம். குதிரையில் கிராமம் கிராமமாகச் சுற்றி, கூடாரத்தில் உட்கார்ந்து, குடியானவனிடம் நேரடியாகப் பேசி, வயல் வயலாகத் தீர்வை போட்டார்கள். இடையில் ஜமீன்தார் இல்லை, குத்தகைக்காரன் இல்லை. சர்க்கார் ஒரு பக்கம், உழுகிறவன் ஒரு பக்கம். நிலத்தை வைத்துக்கொள்ளவும் விட்டுவிடவும் குடியானவனுக்கு வருஷாவருஷம் சுதந்திரம் உண்டு என்று 1796-ல் ரீடு பிரகடனம் செய்தார். ரயத்துவாரி என்று பிறகு உலகம் அறிந்த முறையின் தொட்டில் இந்தச் சமவெளிதான். இதே காலத்தில், 1793-ல், கார்ன்வாலிஸ் வங்காளத்தில் ஜமீன்தார்களை நிரந்தரமாக உட்காரவைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சங்கிலிபோட்டு அளப்பது அந்தத் தலைமுறையின் மனோபாவமாக இருந்தது. சமுத்திரத்துக்கு அப்பால் 1785-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன் மூலம் ஜெஃபர்சன் முந்திய வருஷம் தயாரித்த திட்டம். மேற்கே உள்ள நிலம் முழுவதையும் ஆறு மைல் சதுரங்களாகவும், அதற்குள் 640 ஏக்கர் கட்டங்களாகவும் பிரித்து விற்பது என்பது ஏற்பாடு. அளந்தது 66 அடி நீளமுள்ள கன்ட்டர் சங்கிலியால். மன்றோ பிற்பாடு கடப்பை, பல்லாரி பக்கம் அளந்தது 33 அடிச் சங்கிலியால், அதில் பாதி. கருவி ஒன்றுதான். காரியம் வேறு. அங்கே பூர்வகுடிகளை விரட்டிவிட்டுக் காலி நிலம் என்று பெயர்வைத்து அளந்தார்கள். இங்கே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர்களை அவர்கள் நிற்கிற இடத்திலேயே அளந்து, ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார்கள். சிறு நிலக்காரனே ஒரு தேசத்தின் முதுகெலும்பு என்ற நம்பிக்கை ஜெஃபர்சன், மன்றோ இருவருக்கும் உண்டு. ஜெஃபர்சனின் நிலக்காரன் பிரஜாவுரிமை உள்ளவன். மன்றோவின் நிலக்காரன் தீர்வை கட்டுகிறவன். வித்தியாசம் இதில் அடங்கியிருக்கிறது.

வார்த்தையே இதைச் சொல்லிவிடும். ‘ரயத்து’ அரபியிலிருந்து வந்தது. மேய்ப்பனுக்கு அடங்கிய மந்தை என்பது அதன் வேர்ப்பொருள். நம்மிடம் ‘குடி’ என்ற சொல் இருந்தது. அது ஓரிடத்தில் தங்கி வாழ்கிறவனைக் குறிப்பது. நூறு வருஷத்துக்கும் மேலாக நாம் குடியை விட்டுவிட்டு ரயத்தாக இருந்திருக்கிறோம். ஜமாபந்தி, பசலி, தாசில்தார், கிஸ்து - நிலத்தைப் பற்றி அரசாங்கத்தோடு பேசும்போது தமிழன் வாயில் வருவது இவைதான். நஞ்சை, புஞ்சை, மானாவாரி என்பவை மண்ணோடு பேசும் வார்த்தைகள். இரண்டும் ஒரே பட்டாவில் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ்க் கவிதை, மண் என்றும் உழவு என்றும் உருகும்போது இரண்டாவது வகைச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முதல் வகை இல்லாமல் எந்த உழவனும் ஒரு வருஷம்கூட வாழ்ந்ததில்லை.

நான் கோட்டைக்குப் போனது ஒரு வேலை நாளில். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கிற இடமாதலால் வாசலில் சோதனை. அடையாள அட்டையைப் பார்த்த காவலர், “ஆத்தூர்னா எது சார், சேலத்துப் பக்கமா, திருச்செந்தூர்ப் பக்கமா?” என்றார். சேலம் என்றேன். “செக்ரட்டேரியட்லே மனுவா?” என்றார். சர்ச்சுக்கு என்று சொன்னதும் ஆச்சரியப்பட்டு விட்டுவிட்டார். எங்கள் பக்கத்திலிருந்து கோட்டைக்கு வருகிறவன் கையில் மனு இருக்கும் என்பது அவர் அனுபவம். அது சரியான அனுபவம்தான். எதிரே பத்து மாடி உயரத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை நிற்கிறது. மனுக்கள் போய்ச் சேருகிற இடம்.

தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்குகிற மாதிரி கனமான வளைவுக் கூரை. வெளியே சுற்றிலும் தரையில் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. நடப்பவன் எழுத்தை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவை இங்கே புதைந்தவர்களுடையவை அல்ல. முன்பு சட்டக் கல்லூரி இருந்த பக்கத்தில் பழைய இங்கிலீஷ் மயானம் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்கள் என்பதற்காக, முற்றுகை முடிந்ததும் அவற்றை இடித்துக் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். உடல் ஓரிடம், பெயர் ஓரிடம்.

மன்றோவின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கவர்னர் பதவியிலிருந்து விடுபட்டு ஊர் திரும்புவதற்கு முன், தான் கலெக்டராக இருந்த பகுதிகளைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவரப் புறப்பட்டார். பத்திகொண்டாவில் காலரா வந்து அன்றே இறந்தார். குத்தியில் புதைத்தார்கள். 1831-ல் எலும்பை எடுத்துவந்து இங்கே வைத்தார்கள். ஊர்ப்பணத்தில் சான்ட்ரி செய்த குதிரைச் சிலை 1839-ல் தீவுத்திடல் பக்கம் நிறுத்தப்பட்டது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை. சிற்பி மறந்துவிட்டான் என்று சென்னையில் கதை உண்டு. ஆந்திரப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கம் பெயரும் இல்லை, சிலையும் இல்லை, பட்டா இருக்கிறது.

கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு பக்தியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜெஃபர்சன் செய்த மாதிரி இவருக்கு மூன்று வரி எழுதிப் பார்ப்போமே என்றுதான் தோன்றியது. அதுவும் ஆத்தூர்க்காரன் எழுதினால் எப்படி இருக்கும் என்று.

முதல் வரியில் சந்தேகமில்லை. உழுகிறவனின் பெயரை சர்க்கார் கணக்கில் நேராக எழுதவைத்தவர். இது சாதாரண விஷயமில்லை. ரீடும் மன்றோவும் போன கையோடு, 1802-லிருந்து சேலம் ஜில்லாவைக் கூறுபோட்டு மிட்டாக்களாக ஏலம் விட்டார்கள். ‘மிட்டாதார்’ என்ற சொல் எங்கள் பக்கம் இன்னும் வழக்கில் இருப்பதற்கு அதுதான் காரணம். பாக்கி விழுந்து பல மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. மன்றோ கவர்னராக வந்த 1820-ல் ரயத்துவாரி மறுபடி ராஜதானியின் பொது முறை ஆயிற்று. மிஞ்சிய மிட்டாக்கள் 1948-ம் வருஷச் சட்டம் வரும்வரை நீடித்தன. ஆகவே ஆத்தூர் வட்டாரத்தில் ரயத்துவாரி கிராமமும் மிட்டா கிராமமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சர்க்காருக்குக் கட்டுவதும் கஷ்டம்தான். ஆனால் மிட்டாதார் வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது வரி அவருடைய மனசைப் பற்றியது. 1822-ல் ராஜதானி முழுவதும் திண்ணைப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. இந்த நாட்டில் படிப்பே இல்லை என்று சொன்னவர்களுக்குப் பதிலாகத் தரம்பால் 1983-ல் அந்த அறிக்கைகளைத்தான் வெளியிட்டார். 1824-ம் வருஷக் குறிப்பில், இந்த தேசத்து மக்களை முந்திய படையெடுப்பாளர்கள் எவரும் இவ்வளவு இகழ்ச்சியாக நடத்தியதில்லை என்றும், பெரிய பதவிகளை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்றும், என்றாவது ஒரு நாள் அவர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும்படி தயார்செய்துவிட்டு விலக வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுதிய கவர்னர் அபூர்வம். அதே பேனா 1822-ல் பத்திரிகைச் சுதந்திரம் கூடாது என்றும் எழுதியது. அந்நிய ஆட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் ஒன்றாக நீடிக்க முடியாது என்பது வாதம். தர்க்கத்தில் ஓட்டையில்லை. ஆனால் அந்த முடிச்சை எந்தப் பக்கம் அவிழ்ப்பது என்பதில் அவர் கம்பெனியின் சேவகராகவே இருந்தார். பத்திரிகை இல்லாத அரசாங்கமா, அரசாங்கம் இல்லாத பத்திரிகையா என்றால் பின்னதே மேல் என்று ஜெஃபர்சன் 1787-ல் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்தால், இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்பது விளங்கும்.

மூன்றாவது வரியில்தான் நான் தடுமாறி நின்றேன்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தா பெயரில் பழைய பட்டா ஒன்று உண்டு. மானாவாரி நிலமும், ஒரு கிணற்றுப் பாசனப் புஞ்சையும். அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக உழைத்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் காலேஜில் படித்த நாளில் ஒரு தடவை பட்டாவை எடுத்து, சர்வே நம்பர், விஸ்தீரணம், தீர்வை என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கெணறு வெட்டுனது யாருன்னு அதுல போட்டிருக்குதா தம்பி?” என்றார். வெட்டியது அவருடைய அப்பா. பாறையில் வேட்டு வைத்தபோது கையில் இரண்டு விரல் போயிற்று. பட்டாவில் அதற்குக் கலம் இல்லை.

கிணறு வெட்டிய ரயத்துக்குத் தீர்வையில் சலுகை வேண்டும் என்று மன்றோ 1807-ல் சிபாரிசு செய்திருக்கிறார். எல்லா நிலத்துக்கும் நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும் என்பதோடு, கிணற்று நிலத்துக்குக் கூடுதலாகவும் குறைக்கச் சொன்னார். நல்ல சிபாரிசு. ஆனால் கிணறு வெட்டிய ரயத்து என்றால் கிணறு வெட்டுவித்த ரயத்து. சங்கிலி நிலத்தை அளந்தது. நிலத்தில் இறங்கிய ஆளை அளக்கவில்லை. ‘உழுகிறவன்’ என்று அறிக்கைகளில் வருகிறவன் பெரும்பாலும் உழுவிக்கிறவன். பண்ணையாளும் படியாளும் சேரிக்காரனும் மன்றோவின் கணக்கில் யாருக்கோ உட்பட்டவர்களாகவே இருந்தார்கள். சட்டத்தின் முன் அடிமைத்தனம் செல்லாது என்று கம்பெனி சொன்னது 1843-ல்தான். ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்ற யோசனை, செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல்தான் உத்தரவாயிற்று. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அது. ரீடின் சங்கிலி விழுந்து நூறு வருஷம் கழித்து.

பட்டா உள்ளவனும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. மன்றோ செத்து இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, 1855-ல், சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் அறிக்கை வெளியாயிற்று. நிலத்தீர்வை வசூலிக்கக் கிட்டி போட்டார்கள், அண்ணாந்தாள் கட்டினார்கள் என்பதைச் சாட்சிகள் மூலம் உறுதிசெய்த அறிக்கை. இடையில் யாருமில்லாமல் சர்க்காரும் குடியும் நேருக்கு நேர் நிற்பது என்ற அந்த அழகிய ஏற்பாட்டில், குடி தனியாக நின்றது என்பதையும் கவனிக்க வேண்டும். தகப்பனைப் போன்ற அரசாங்கம் என்பது மன்றோவின் இலட்சியம். தகப்பன் நேரில் வந்து தீர்வை கேட்டதில்லை. தாசில்தாரின் சேவகன்தான் வந்தான்.

சமவெளியை விட்டுத் தலையைத் தூக்கினால் கல்வராயன் மலை. ஆத்தூரிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம். கீழே 1790-களில் அளந்து நம்பர் போட்டார்கள். மேலே ஜாகீர்தார்களின் கீழ் மலைக்குடிகள் 1976 வரை இருந்தார்கள். நூற்றெண்பது வருஷ இடைவெளி. வானம் ஒன்று, மழை ஒன்று, சந்தை ஒன்று. கணக்கு மட்டும் வேறு. மன்றோவின் கல்லறைக்கு எழுதும் வாசகத்தில் கீழ்நாட்டை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

ஜெஃபர்சனிடமே திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று எழுதியவர் தன் ஆயுளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர் இறந்த ஆறு மாதத்தில், 1827 ஜனவரியில், கடனை அடைக்க அவருடைய 130 அடிமைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தகப்பனையும் பிள்ளையையும் பிரித்து விற்றார்கள். விலைமதிப்புக்காக யாரும் பெயர்த்துப் போகாதபடி முரட்டுக் கல்லில் தன் சின்னம் இருக்கட்டும் என்று அவர் சொல்லியிருந்தார். பார்க்க வந்தவர்களோ ஞாபகார்த்தம் என்று துண்டு துண்டாக உடைத்துப் போனார்கள். கடைசியில் 1883-ல் மூலக்கல்லை மிசூரிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, புதுக்கல் நட்டார்கள். அதே குன்றில் அடிமைகளின் மயானம் எது என்பது 2001-ல்தான் அடையாளம் காணப்பட்டது. பெயர் எழுதிய கல் அங்கே இல்லை. ஒரே குன்று, இரண்டு மயானங்கள். ஒன்றில் இருப்பவர் தன் வாசகத்தைத் தானே எழுதிக்கொண்டவர். மற்றதில் இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் இப்போது இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறார்கள் என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். அது தானாக வந்ததில்லை. வாரிசுகள் கேட்டு வந்தது.

நாம் கேட்டிருக்கிறோமா? 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்தன. 1979-ல் தொடங்கிய நிலவரித் திட்ட மேம்பாட்டில் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. இப்போது பட்டாவைக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம். கலங்கள் மட்டும் பழையவை. 2018-ல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்கு எங்கள் ஜில்லாவில் கல் நட்டபோது, விவசாயிகள் பட்டாவைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வயலில் நின்றார்கள். கையகப்படுத்திய முறை செல்லாது என்று உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. நிலம் எடுக்கும் அறிவிக்கை செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. வழக்கின் நியாயங்கள் ஒருபுறமிருக்கட்டும். பட்டா என்ற காகிதத்தின் சுபாவம் அந்த வயல்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. அது அண்டை வீட்டுக்காரனிடமிருந்து காப்பாற்றும், மிட்டாதாரிடமிருந்து காப்பாற்றும். அதை எழுதிக் கொடுத்தவனிடமிருந்து எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை மன்றோவின் முறை சொல்லி வைக்கவில்லை. சர்க்காரே மேலான நிலக்காரன் என்பதுதான் அந்த முறையின் அஸ்திவாரம். அந்த வயல்களில் நின்றவர்களுக்குப் பின்னால், பட்டா இல்லாததால் எதையும் உயர்த்திப் பிடிக்க முடியாமல் நின்ற கூலிக்காரர்களும் இருந்தார்கள். சாலைக்கு நிலம் போனால் வேலை போகிறவர்கள். இழப்பீட்டுப் பட்டியல் பட்டாவைப் பார்த்துத்தான் தயாராகும்.

ஆகவே மன்றோவுக்கு என் வாசகம் இப்படி: உழவன் பெயரை நேராக எழுதவைத்தவர்; ஆள வந்தவர்கள் ஒரு நாள் விலக வேண்டியவர்கள் என்று ஆண்டுகொண்டே எழுதியவர்; கிணறு வெட்டியவனைக் கணக்கில் சேர்க்காதவர். மூன்றாவதைப் பழியாக எழுதவில்லை, நடுகல்லில் எழுதுகிற மாதிரி காரியமாக எழுதுகிறேன். அவருக்கு முன்பும் யாரும் சேர்க்கவில்லை, பின்பும் நெடுங்காலம் யாரும் சேர்க்கவில்லை. ஆனால் புதுக் கணக்கு ஒன்றை ஆரம்பத்திலிருந்து எழுதும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது. அப்படிப்பட்ட வாய்ப்பு அடிக்கடி வராது.

ஆத்தூர் தாலுக்கா ஆபீஸில் வருஷாவருஷம் பசலி முடிவில் ஜமாபந்தி நடக்கிறது. மன்றோ காலத்து வார்த்தை, மன்றோ காலத்து மாதம். சாமியானா போட்டு, கிராமவாரியாகக் கணக்குப் புத்தகங்களை அடுக்கி, மனு வாங்குகிறார்கள். பட்டா மாறுதலுக்கு வருகிறவர்கள் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். வீட்டுமனை கேட்டும், புறம்போக்கில் குடியிருப்பதை எழுதித் தரச்சொல்லியும் வருகிற பெண்கள் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பெயரைக் கூப்பிடப் பெரும்பாலும் சாயங்காலம் ஆகும்.